பெரியப்பாவின் காய்ந்த வேட்டி

எனக்கு ஒன்பது வயதானபோது ஊரெங்கும் விஷக்காய்ச்சல் பரவியது. நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ஓட்ட ஆளில்லாமல் வண்டிகள் நின்றுபோயின. விடியற்காலை ஊதல் சத்தம் கேட்காததால் நான் பாட்டுக்கு வெகுநேரம் தூங்கினேன். அந்தக் காய்ச்சலால் எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

அம்மா எங்களை ஒரு வழியாக்கிவிட்டாள். கழுத்தில் கற்பூர முடிச்சு, இரண்டு வேளையும் உப்பு வெந்நீரில் கொப்பளிப்பு, மூலைக்கு மூலை சாம்பிராணி. பாசார் கடைகள் பக்கமே போகக் கூடாது. நான் தும்மினால் கரண்டியோடு ஓடி வருவாள். அடிக்கவா, கஷாயம் கொடுக்கவா என்று அவளுக்கே தெரியாது.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த வீட்டில் இருந்தார். ரயில்வேயில் உழைத்து ஓய்ந்தவர், பிள்ளை கிடையாது. காய்ச்சல் வந்த முதல் வாரமே பெரியம்மாவைக் கொண்டுபோய்விட்டது. பெரியப்பா அழவில்லை. நெஞ்சழுத்தக்காரர் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம்தான் அவர் காய்ச்சல் கண்ட வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். சொந்தக்காரர்களே எட்டிப்பார்க்காத வீடுகளில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார், பிணம் தூக்கத் தோள் கொடுத்தார். பயமே இல்லாத மனுஷன் என்று ஊரே மெச்சியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் அவருக்குச் சோறும், கொப்பளிக்க வெந்நீரும், புதுக் கற்பூர முடிச்சும் கொண்டுபோவது என் வேலை. "வாசல்லயே நில்லு. அவங்க கொப்பளிக்கிறதக் கண்ணால பாத்துட்டு வா," என்பாள் அம்மா.

நட்ட நடு மத்தியானத்தில் அந்தப் பாதையில் ஒரு குரல் இருக்காது. எல்லாக் கதவும் சாத்தியிருக்கும், பெரியப்பா வீட்டுக் கதவு மட்டும் விரியத் திறந்திருக்கும். கட்டிலை இழுத்து வடக்கே தலைவைத்துப் படுக்கும்படி போட்டிருந்தார். தரையில் இரண்டு தட்டு வைத்திருந்தது. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர், என்னைத் தாண்டி எதையோ பார்த்து, "வாங்க," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"யாரு பெரியப்பா?"

"வரும் தாயி. எல்லா வீட்டுக்கும் போவுது. நம்ம வீட்டுக்கு மட்டும் வழி தெரியல போல."

பெரியம்மாவைத்தான் சொல்கிறார் என்று நினைத்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவரோ வெந்நீரைப் பப்பாளி மரத்தடியில் ஊற்றினார், கற்பூர முடிச்சை என் கழுத்திலேயே கட்டினார். "கொப்பளிச்சேன்னு அம்மாகிட்ட சொல்லிடு," என்றார். சொன்னேன். அவர் திட்டு வாங்கக் கூடாதே.

இன்னொரு நாள் நான் போய் நின்றபோது அவர் சுடுகாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். வேட்டி காய்ந்திருந்தது. பிணத்தைத் தொட்டவர் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடுதான் வாசற்படி ஏறவேண்டும் என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "குளிக்கலையா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டுக் கிட்டே வந்து என் தலையைத் தடவினார். அப்படியே படி ஏறி உள்ளே போனார். அம்மாவிடம், அவர் குளித்துவிட்டார் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. எத்தனை நாள் நினைவில்லாமல் கிடந்தேனோ தெரியாது. கண் திறக்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு அப்பால், ஓர் உருவம் அசையாமல் நின்றது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பெரியம்மா என்னைக் கூப்பிட வந்திருக்கிறாள் என்று அலறினேனாம்.

காய்ச்சல் இறங்கிய பிறகுதான் அது பெரியப்பா என்று தெரிந்தது. சொட்டச் சொட்ட ஈர வேட்டி, மூக்கை மூடி ஒரு துண்டு, கழுத்தில் கற்பூரம்.

"உள்ள வாங்க மாமா. புள்ள உங்களத்தான் தேடுது," என்றாள் அம்மா.

"நான் வரலம்மா. வேணாம்," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. யார் யாருக்கோ கஞ்சி ஊட்டியவர் என் பக்கத்தில் வந்து உட்காரக் கூடாதா? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் பொழுது சாயும்வரை அங்கேயே நின்றார் என்று அம்மா சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வரவே இல்லை. நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் வாழைப்பழச் சீப்போடு வீட்டுக்கு வந்தார். நான் வாங்கவில்லை. "நீங்க பயந்தாங்கொள்ளி. ஊர்ல எல்லாரும் உங்களத் தெரியாமப் புகழ்றாங்க," என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். பெரியப்பா தடுத்துவிட்டார்.

"புள்ள சொல்றது சரிதான். அது காய்ச்சல்ல படுத்த அன்னைக்குத்தான் எனக்குப் பயமே வந்துச்சு," என்றார்.

தானே ஒத்துக்கொண்டாரே என்று எனக்கு ஒரே வெற்றி. அந்தச் சேதியை வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.