பேட்டரி ஏறாத வண்டி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் கழித்து அவருடைய பைக்கும் படுத்துக்கொண்டது. பதினாறு வருடப் பழைய வண்டி. அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டதால், நாற்பத்து நான்கு வயதில் நான் கியர் வண்டி ஓட்டக் கற்றிருந்தேன். வாரத்தில் மூன்று நாள், ஹெப்பாளில் நான் வேலை பார்க்கும் பேக்டரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும், அவரைப் பின்னால் உட்கார்த்தி, துப்பட்டாவால் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, கைகால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போவேன்.

திரும்பும்போது செல்ஃப் எடுக்காது. ஹாரன் முனகும். அவரைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு நான் கிக்கரை மிதிப்பேன். யாராவது இரக்கப்பட்டு வந்து ஸ்டார்ட் செய்து தருவார்கள். மிதிப்பதைவிட அந்த இரக்கம்தான் என்னை அதிகம் களைக்க வைத்தது.

பேட்டரி போய்விட்டது என்றார் மெக்கானிக். புதிது போட்டோம், ஆறு நாள் வந்தது. பிறகு, பேட்டரிக்குப் போகும் கரண்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்றார். அதையும் மாற்றினோம். நான்காம் நாள் மறுபடி அதே முனகல். விற்றுவிடலாம் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

அவர் இருபது வருடம் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். வேலை மறக்கவில்லை, சொற்கள்தான் தப்பிப் போயின. தண்ணீர் வேண்டுமென்றால் குடை என்பார். கோபம் வந்தால் அதுவும் வராது.

அந்த ஞாயிறு காலை வண்டியை வாசலில் நிறுத்தி, பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். வோல்ட் பார்க்கும் அவருடைய பழைய மீட்டர் அவர் மடியில் இருந்தது. அதன் இரண்டு முனைகளையும் அவர் இடது கையால் காட்டிய இடங்களில் வைத்தேன். எஞ்சினை முறுக்கினால் பேட்டரியில் பதினான்கு வோல்ட் வரை ஏற வேண்டுமாம், விரலால் எழுதிக் காட்டினார். பன்னிரண்டைத் தாண்டவில்லை. எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் கம்பிகளைக் கழற்றி, இரண்டிரண்டாகப் பார்க்கச் சைகை காட்டினார். மூன்றிலும் ஒரே அளவு. காயில் நன்றாகவே இருந்தது. ரெகுலேட்டரும் புதிது. கம்பிகளைத் திரும்ப மாட்டினேன். வெயில் ஏறிவிட்டது, துவைக்கும் துணி உள்ளே ஊறிக்கொண்டிருந்தது.

"மண்ணு," என்றார்.

"காலையிலதானுங்க கூட்டுனேன்."

"மண்ணு. மண்ணு."

துடைப்பத்தை எடுத்து வந்து நாற்காலியைச் சுற்றி இன்னொரு முறை கூட்டினேன். அவர் இடது காலால் துடைப்பத்தைத் தள்ளிவிட்டார். அழுகை வருகிறது என்று தெரிந்தது, யாருக்கு முதலில் என்றுதான் தெரியவில்லை.

"என்னால முடியலைங்க. நாளைக்கு மெக்கானிக்கே பாத்துக்கட்டும்."

மீட்டரை வாங்கக் குனிந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, வண்டியின் இரும்புச் சட்டத்தில் என் கையை வைத்து அழுத்தினார். அங்கே ஒரு போல்ட்டில் ரெகுலேட்டரிலிருந்து வரும் கறுப்புக் கம்பி முடிந்திருந்தது.

"எர்த்துங்களா?"

கண்ணை மூடித் தலையசைத்தார்.

எஞ்சினை ஓட விட்டு, ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை ரெகுலேட்டரின் கறுப்புக் கம்பியிலும் வைத்தேன். ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் இரண்டு வோல்ட் காட்டியது. எஞ்சினை அணைத்துவிட்டு போல்ட்டைக் கழற்றினேன். கம்பியின் முனை துருவேறிப் பொடியாக உதிர்ந்தது. சட்டத்தையும் முனையையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினேன். மறுபடி முறுக்கியபோது பேட்டரியில் பதினான்கு வந்தது.

அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. எனக்கும் சந்தோஷப்படத் தெம்பில்லை. எர்த்தை மண்ணு என்று அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது, நான்தான் கூட்டிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் உறுத்தியது. இந்த எட்டு மாதத்தில் இன்னும் எத்தனையோ சொல்லியிருப்பார்.

கை கழுவிவிட்டு வந்து, அவர் காலடியில் வெறும் தரையில் உட்கார்ந்தேன். துணி ஊறட்டும் என்று விட்டுவிட்டேன்.