மலட்டுப் பூ

சேவுகம்பட்டி ஒச்சப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு ஐந்து வருஷம் ஆகியும் சின்னக்கண்ணு வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. திண்டுக்கல்லில் சுருட்டுச் சுற்றுகிறவர் மகள். புகையிலையைக்கூடக் காய்ந்த பிறகுதான் பார்த்திருக்கிறாள். ஐம்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம், மாமியார் சுந்தரம்மாள் அவள் கையில் ஒரு பிடி வெள்ளரி விதையைத் திணித்தாள்.

"கொல்லையில போடு. காய்ச்சுச்சுன்னா இன்னொரு வருசம் பொறுத்துக்கிறேன். காய்க்கலேன்னா ஒன் கையி மலட்டுக் கையி. எம்மகனுக்கு வேற பொண்ணு பாத்துருவேன்."

ஒச்சப்பன் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. என்றைக்குத்தான் நிமிர்த்தினான்!

சின்னக்கண்ணு உயிரைக் கொடுத்து வளர்த்தாள். குழி வெட்டி, சாணக் குப்பையும் சாம்பலும் போட்டு, ஊற வைத்த விதையை ஊன்றினாள். ஊர்க்கிணற்றிலிருந்து நாளைக்குப் பத்துக் குடம் சுமந்தாள். மஞ்சள் பூவைக் கண்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சுந்தரம்மாளும் வந்து குனிந்து பார்த்தாள்.

"அடியில பிஞ்சு இருக்குற பூவ விட்டுரு. வெறுங்காம்புல நிக்குது பாரு, அம்புட்டும் மலட்டுப் பூ. சத்த உறிஞ்சிரும். விடிஞ்சதும் ஒண்ணு விடாமக் கிள்ளிப் போடு."

மகராசி, நமக்கும் ஒரு வழி சொல்கிறாளே என்று சின்னக்கண்ணு உருகிப் போனாள். தினமும் மடி நிறையக் கிள்ளினாள். விட்டுவைத்த பிஞ்சுகளோ மஞ்சளித்துச் சுருங்கி உதிர்ந்தன. ஒரு காய்கூட நிற்கவில்லை.

ஆனியில் பொன்னழகு வந்தாள். வத்தலக்குண்டு ஜவுளிக்கடைக்காரர் மகள், மண்ணில் கால் வைக்காதவள். இரண்டாவது கட்டக்கூடாது என்று சட்டம் இருந்ததாம். அது சேவுகம்பட்டிக்கு வண்டி ஏறவில்லை. ஊரும் வாய் திறக்கவில்லை. காய்க்காத கொல்லையைத்தான் எல்லோரும் எட்டிப் பார்த்தார்களே!

அடுத்த தையில் சுந்தரம்மாளே விதை போட்டாள். தண்ணீர் சுமந்தது மட்டும் சின்னக்கண்ணு. பூத்ததும் பழக்கத்தில் கையை நீட்டினாள். புறங்கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

"மலட்டுப் பூதான அத்தை?"

"அதக் கிள்ளுனா எப்பிடிடி காய் புடிக்கும்?" சுந்தரம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "நாப்பது வருசமா வெள்ளரி போடுறேன், எனக்குத் தெரியாதா?"

அந்த வருஷம் கூடை கூடையாய்க் காய்த்தது. சின்னக்கண்ணுதான் பறித்தாள். திரும்பிப் போகத் தகப்பனும் உயிரோடு இல்லை.

நாலு வருஷம் ஓடியது. பொன்னழகுக்கும் அதே கதைதான். ஒச்சப்பன் மேல் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை, ஆம்பிளை அல்லவா! அந்தத் தையில் சுந்தரம்மாள் பொன்னழகு கையில் விதையைத் திணித்தாள்.

பூத்த அன்று பொன்னழகு தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, வெறுங்காம்புப் பூவெல்லாம் கிள்ளணுமாமே? அத்தை சொல்றாக. நெசமாவா?"

சின்னக்கண்ணு குடத்தை இறக்கி வைத்தாள். அந்தப் பெண் அவளுக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. தலைவலி என்றால் சுக்கு உரசிப் பற்றுப் போடுகிறவள். ஒரே வார்த்தை சொன்னால் பிழைத்துக்கொள்வாள்.

"ஆமா தாயி," என்றாள் சின்னக்கண்ணு. "ஒண்ணு விடாமக் கிள்ளு. நானும் கூட வாரேன்."