ஜீப்பின் முன் சீட்டும் என் நெஞ்சும்

"ஏலே, கெழவிக்கு நெஞ்சு எதுக்கு வலிச்சதுன்னு தெரிஞ்சு நீ என்ன செய்யப் போற? மொதல்ல ஒன் நெஞ்சப் பாரு, கடையில இருக்க சிகரெட்டு பூராம் அங்கனதான கெடக்கு" என்று பேரனைத் திட்டினேன். அவன் நகரவில்லை. சரி, சொன்னால்தான் எழுந்திருப்பான்.

கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண்களில் நானே மூத்தவள். டிரைவர் பக்கத்துச் சீட்டு என்னுடையது. வயசுக்குக் கொடுக்கிற மரியாதை என்று எல்லோரும் நினைத்தார்கள். பின்னால் உட்கார்ந்தால் புழுதியில் எனக்கு இழுப்பு வரும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அது மட்டுமா? பிரஷருக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு வேறொருவர், தைராய்டுக்கு இன்னொருவர். ஒரே வளவில் இருந்துகொண்டு முகம் பார்க்காத குடித்தனக்காரர்கள் மாதிரி நோய்களைத் தனித்தனியாக வைத்திருந்தேன். மகனுக்குத் தெரிந்தால் வேலையை நிறுத்தி, என்னை டிவிக்குக் காவல் வைத்துவிடுவான்.

ஒருநாள் காலையில் போனால், என் சீட்டில் என் கொழுந்தன் பெண்டாட்டி தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா, முட்டி வலிக்குது. நீங்க பின்னாடி ஏறிக்கங்க."

"இன்னிக்கு மட்டுமா?"

"வலி போற வரைக்கும்."

அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவளுக்கு முட்டி வலி. என் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போலிருந்தது. மலைக்குப் போக வேண்டிய ஜீப் தேனி ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. என்னைப் பின்னால் படுக்க வைத்தார்கள். அப்போதும் முன் சீட்டில் அவள்தான்.

டாக்டரம்மா கை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்.

"அடைப்பு எதுவும் இல்லம்மா. இதயத்தோட அடிப்பக்கம் பலூன் மாதிரி உப்பியிருக்கு. திடீர்னு மனசு அதிர்ந்தா இப்படி வரும், பெரும்பாலும் சரியாயிரும். வேற என்ன நோய் இருக்கு?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். தகவல் கேட்டு ஓடி வந்து நின்ற மகனின் வாய் திறந்துகொண்டே போனது.

"இதெல்லாம் சேந்து இருக்கறது சகஜந்தான். ஆனா எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாக்கணும். சரி, என்ன அதிர்ச்சி?"

மகன் முந்திக்கொண்டான். "நாந்தான் டாக்டர். ஆத்தாவக் கேக்காம ஆட்ட வித்துட்டேன்."

மருமகள் விடுவாளா? "இல்ல, நாந்தான். அத்த வச்ச கொழம்பு வாய்ல வைக்க முடியலன்னு சொல்லிட்டேன்."

பழிக்குப் போட்டி நடக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எதுவா இருந்தாலும் இனிமே மலைக்குப் போக வேணாம்" என்றான் மகன். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அவர்கள் வெளியே போனதும் டாக்டரம்மாவிடம் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இதயம் பழையபடி ஆனதும், மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, புழுதி படாத இடத்தில் உட்கார்ந்து போகலாம் என்று மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த ஸ்கேனில் இதயம் சரியாக இருந்தது. அவனே என் தூக்குச்சட்டியை எடுத்து வைத்தான்.

விசாரிக்க வந்த தெருப் பெண்களிடம் சொன்னேன்: "மனசு மெல்லிசா இருக்கவுகளுக்குத்தான் இது வருமாம். நான் முன் சீட்டுலதான் ஒக்காரணும்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாக. வேற யாராச்சும் ஒக்காந்தா அவுகளுக்கும் ஒட்டிக்கிருமாம்."

கூட்டத்தில் நின்ற கொழுந்தன் பெண்டாட்டி கேட்டாள்: "அன்னிக்குப் பூராம் நாந்தானக்கா ஒக்காந்திருந்தேன். எனக்கு ஒண்ணும் வரலையே?"

"வரும் ஆத்தா. மொதல்ல ஒனக்கு மனசுன்னு ஒண்ணு மொளைக்கட்டும்."