யானை லைட்டுக்கு ஒரு தகரம்

சுவக்கீன் அத்தான் சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில், ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியிலேயே தலை நரைத்தவர். என் அக்கா ரோசியின் வீட்டுக்காரர். இந்த மார்ச்சோடு அவருக்கு ரிட்டயர்மெண்ட். எஸ்டேட்டில் அப்படியென்றால் வேலை மட்டும் போவதில்லை, தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளில் யாராவது எஸ்டேட்டில் பேர் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தால் வீடு நிற்கும். அவர்களுக்கு ஒரே மகள், ஷீனா. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளைக் கொழுந்து கிள்ளத் திரும்பி வா என்று கூப்பிட அக்காவுக்கே மனசில்லை.

மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு இதே கவலை. இத்தனை வயசுக்கு மேல் இரண்டு பேரும் எங்கே போவார்கள்? போன் பண்ணிக் கேட்டால் "பாத்துக்கலாம் மாப்ள" என்பார் அத்தான். அந்தக் குரலில் பார்த்துக்கொள்ளப் போகிற தெம்பு எதுவும் இருக்காது.

லயத்துக்கு நேர் மேலே, மேட்டில், சதீஷ் என்கிற மூணாறு டவுன் ஆள் ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறார். ஷிப்ட் முடிந்ததும் அத்தான் அங்கே போய் வெந்நீர் போடுவார், கேட் பூட்டுவார். விடியலில் ஜீப் ஏறிக் கொழுக்குமலை பார்க்க வருகிறவர்களுக்குப் பொழுது சாய்ந்தால் செய்ய ஒன்றும் கிடையாது. யானைக்குப் பயந்து ரோட்டில் நடக்கவும் முடியாது. அதற்காகத்தான் சதீஷ் அந்த ஸ்மார்ட் டெலஸ்கோப்பை வாங்கினார்.

குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய் இல்லை அது. பெரிய டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, மூன்று கால் ஸ்டாண்டு. மட்டம் பார்த்து நிறுத்திவிட்டு, போனில் ஒரு பெயரைத் தொட்டால் தானாகத் திரும்பும். வானத்தின் அந்த இடத்தைப் படம் மேல் படமாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். முதலில் போனில் சாம்பல் அழுக்கு மாதிரி ஒன்று தெரியும். படம் சேரச் சேர அது நிறம் பிடித்து வரும். ஆப் முழுக்க இங்கிலீஷ். அத்தானுக்குத் தமிழும் மலையாளமும்தான் வரும். எந்தப் பட்டன் எதற்கு என்று நான் வாய்ஸ் மெசேஜில் சொல்லிக் கொடுத்தேன். கொழுந்து வாடுகிற வரைக்கும் காத்திருந்து பழகியவருக்கு இந்தக் காத்திருப்பு சிரமமாக இல்லை. ஓரியன் நெபுலாவை முதல்தடவை எடுத்தபோது, "சிவப்பா இருக்கு, பாத்துக்க" என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

ஜனவரியில் நான் லீவில் வந்திருந்தேன். அப்போதுதான் சதீஷ் விஷயத்தைச் சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து நட்சத்திரம் பார்க்கிற கிளப் ஒன்று வருகிறது. ஆண்ட்ரொமீடா கேலக்ஸியை எடுத்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அது நன்றாக அமைந்தால் மாசாமாசம் கூட்டம் வரும், அத்தானை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிற அறையில் அத்தானும் அக்காவும் தங்கிக்கொள்ளலாம். அக்கா அன்றைக்கே போய் அந்த அறையைப் பெருக்கிவிட்டு வந்தாள். ஜன்னல் சின்னதுதான், ஆனால் வெயில் வருகிறது என்றாள்.

இடைஞ்சல் யானை லைட்டுதான். போன வருஷம் லயத்தின் கடைசி வீட்டில் அரிசிக்காக யானை சுவரை இடித்த பிறகு, பஞ்சாயத்து மெம்பரைப் பிடித்து வாங்கிய பெரிய எல்.இ.டி. லைட்டு. யானை மேட்டிலிருந்துதான் இறங்கும் என்பதால் அதை மேட்டைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். நேராக ஹோம்ஸ்டே முற்றத்தில் அடிக்கும். கொஞ்சம் மூடுபனி வந்தாலும் வானம் பால் ஊற்றினாற்போல ஆகிவிடும். "நெபுலாவுக்குப் பெட்டிக்குள்ளயே ஒரு ஃபில்டர் இருக்கு மாப்ள, அது இந்த வெளிச்சத்தப் பொறுத்துக்கிடும். கேலக்ஸி பொறுக்காது," என்றார் அத்தான்.

லைட்டின் சுவிட்சு ராமுத்தாய் வீட்டில் இருந்தது. யானை இடித்தது அவள் வீட்டுச் சுவரைத்தான். அத்தான் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

"லைட்ட அமத்தணுமாக்கும்," என்றாள் ராமுத்தாய். "யானை வந்தா ஒங்க டப்பாவ வச்சுப் போட்டா புடிச்சு அனுப்புவீகளோ?"

"ஒரு மணி நேரந்தான் தாயி."

"அதுக்கு என் சுவத்த இடிக்க அஞ்சு நிமிசம் போதும்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அமர்த்த மாட்டாள் என்று தெரிந்துபோயிற்று. கடைசியில் அத்தானே ஒரு யோசனை சொன்னார். லைட்டுக்கு மேலே ஒரு தகரத்தை வளைத்துக் கட்டினால் வெளிச்சம் லயத்தின் பின்பக்கமும் வழியிலும் விழும், மேட்டுக்கு ஏறாது. ராமுத்தாய் இறங்கி வந்து நின்று பார்த்தாள். தண்ணி பிடிக்கிற பைப்படி வரைக்கும் வெளிச்சம் இருந்தால் சரி என்றாள். பழைய கூரைத் தகரம் ஒன்றை வெட்டி அத்தான் கம்பியால் கட்டினார். அன்று காற்றே இல்லை. முற்றத்தில் நின்று பார்த்தால் அருமையான இருட்டு. எனக்குக்கூட அன்றுதான் கொஞ்சம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

கிளப் ஆட்கள் சனிக்கிழமை வந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அத்தான் பெட்டியை மேற்கே திருப்பிவிட்டார். போனில் அந்த மங்கல் மெதுவாக நீண்டு, நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் கறுப்புக் கோடுமாகத் தெரிய ஆரம்பித்தது. வந்தவர்களில் வயசான ஒருவர் அத்தானின் தோளைத் தட்டினார். சதீஷ் எல்லோருக்கும் பால் விடாத கட்டஞ்சாயா ஊற்றிக்கொண்டிருந்தார்.

தேனிப் பக்கத்துக் காற்று அப்போதுதான் ஏறியது. கீழே லயத்தின் பின்னாலிருந்து தகரம் அதிர்கிற சத்தம் கேட்டது.

இதை விளங்கிக்கொள்ள ஒன்று சொல்ல வேண்டும். லயத்தின் மேல்பக்கம் முழுக்கக் கம்பி இழுத்து, கல் போட்ட காலி டின்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். யானைக் கால் பட்டால் டின் சத்தம் போடும். டின் சத்தம் கேட்டால் யாரும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. லைட்டைப் போட்டு, தட்டைத் தட்டி, வெடியைக் கொளுத்த வேண்டும். கேட்டுக்கொண்டு நிற்கிறவன் வீட்டுக்குத்தான் யானை வரும் என்பது அங்கே சட்டம். அந்த டின்களைக் கட்டியதில் பாதி அத்தானின் கைதான்.

ஒரு நொடியில் லயம் முழுக்க எல்லா லைட்டும் எரிந்தது. தட்டுகள், விசில், அதற்கு மேல் குண்டு வெடி. முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடியது அத்தான்தான். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, வந்தவர்களைப் பிடித்துத் தள்ளாத குறையாக உள்ளே ஏற்றி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "சத்தம் போடாதீங்க, ஜன்னல்கிட்ட நிக்காதீங்க" என்றார். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். சமையல்கட்டு ஜன்னலிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்த நான்தான் கண்டேன். டின் கட்டிய கம்பி அசையாமல் கிடந்தது. லைட்டுக் கம்பத்தில் அத்தானின் தகரம் ஒரு பக்கக் கட்டு அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

அத்தானிடம் சொன்னேன். அவர் தாழ்ப்பாளைத் திறந்தார். வெளியே வெடிப்புகை மேடு முழுக்க ஏறியிருந்தது. பெட்டி மட்டும் புகையைப் படம் எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தது. போனில் கேலக்ஸி இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

கிளப் ஆட்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். காட்டு யானை வரும் இடம், பாதுகாப்பில்லை என்று யாரோ நெட்டில் எழுதிவிட்டார்கள். மறுநாள் சதீஷ் எங்களை உட்காரவைத்துத்தான் பேசினார். அவர் கெட்டவர் இல்லை.

"யானை வராமலே வந்ததா ஆயிப்போச்சுண்ணே. இனி முற்றத்துல ஆளுகள நிறுத்துற ஏற்பாடு வேண்டாம். நீங்க வாச்சரா இருங்க. பின்னால ரூம்ல இனி சமையல்காரரும் தங்கணும், ஒரு கட்டில்தான் போட முடியும்."

"அப்ப ரோசி?"

"அக்கா அவங்க மக வீட்டுக்குப் போகலாமே."

அத்தான் என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இவுகளுக்கு இங்க ஒரு கட்டில், எனக்கு கஞ்சிக்கோட்டுல ஒரு பாயி," என்றாள். "இத்தன வருசம் ஷிப்ட்டு ஷிப்ட்டுன்னு ராத்திரி வீட்டுல இல்ல. ரிட்டயர் ஆகியும் அப்படியா? வேண்டாம்னு சதீஷ்ட்ட சொல்லிருங்க."

அத்தான் சாயங்காலம் மேட்டுக்குப் போய் அப்படியே சொல்லிவிட்டு வந்தார். போகிற வழியில் கம்பத்திலிருந்து தகரத்தையும் அவிழ்த்துப் போட்டார்.

ஏப்ரலில் வீட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்தார்கள். இப்போது கஞ்சிக்கோட்டில் ரயில்பாதைக்குப் பக்கத்தில் வாடகை வீடு. ஷீனாவும் அவர்களோடுதான் இருக்கிறாள். அத்தான் ஒரு குடோனில் பகல் வாச்சர். போன வாரம் பேசும்போது, அங்கே வானம் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டுவைத்தேன்.

"யாரு மாப்ள அண்ணாந்து பாத்தா," என்றார். "வந்து சாஞ்சா தூக்கந்தான். உங்க அக்காட்ட கொடுக்கேன், பேசு. இங்கதான் உக்காந்திருக்கா."