கல்லறைத் திருநாளில் வாசித்த பெயர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தூத்துக்குடி கோர்ட்டு வாசலில் டீ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். செக் மோசடி, துறைமுகத்தில் கன்டெய்னர் இடித்துக் கால் போனவருக்கு நஷ்டஈடு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, இதுதான் என் அன்றாட வக்கீல் பிழைப்பு. தூக்குத் தண்டனை வழக்கு என் கைக்கு வரும் என்று நான் நினைத்தது கிடையாது. வந்தது. வந்த பிறகு நான் விடவில்லை.

ஊருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே இரண்டு பேர் கூட்டாக ஒரு வள்ளம் வைத்துச் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் கடலுக்குள் இறங்குவான். மற்றவர் வள்ளத்தில் இருந்தபடி, அவனுக்கு மூச்சுக்காற்று போகிற குழாயைப் பார்த்துக்கொள்வார். பங்கில் தகராறு வந்தது. இறங்குகிறவன் குடித்துவிட்டுப் போய், விடியும் முன்னால் கூட்டாளியின் ஓலை வீட்டுக்குத் தீ வைத்தான். உள்ளே கூட்டாளியும், பள்ளிக்கூடம் போகிற வயசில் இருந்த அவருடைய மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் பிழைக்கவில்லை. பிள்ளையின் தாய் மீன் ஏலத்துக்குக் கிளம்பிப் போயிருந்ததால் அவர் மட்டும் மிஞ்சினார்.

பிள்ளை உள்ளே இருந்தது தெரியாது என்று அவன் சொல்கிறான். நான் நம்புகிறேனா என்று கேட்டால், பாதி நம்புகிறேன். தீ வைத்தது அவன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவியைக் காப்பாற்றப் புறப்பட்டவள் என்று யாரும் எனக்கு மாலை போட வேண்டாம். ஒரு மனுசனைச் சாகடிப்பதற்கு நாள் குறித்து, கயிறு அளந்து, பக்கத்தில் டாக்டரை நிறுத்தி வைத்து, எல்லாம் முடிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதை நீதி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவ்வளவுதான் என் கட்சி.

என் அண்ணனுக்கு ஏரலில் இரும்புக்கடை. நல்ல மனுசன், கடைக்கு வருகிறவர்களிடம் அதிர்ந்து பேச மாட்டான். இந்த வழக்கை எடுத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டைதான். "ஏளா, ஒம் பிள்ளைய எரிச்சிருந்தா இப்படிப் பேசுவியா?" என்று ஒரு தடவை கேட்டான். "பேச மாட்டேன். வெறி பிடிச்சுப் போய் அவனைக் கொல்லணும்னு நிப்பேன். அதனாலதான் சொல்லுதேன், அந்த முடிவை அப்படி நிக்கிற ஆள் கையில கொடுக்கக் கூடாது. ஓரமா உக்காந்து குழம்பு ஊத்திக்கிட்டு இருக்க ஒங்கையிலயும் கொடுக்கக் கூடாது" என்றேன். மதினி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தண்டனையை மதுரை ஹைகோர்ட்டில் உறுதி செய்தார்கள். டெல்லி சுப்ரீம் கோர்ட்டிலும் அப்பீல் தள்ளுபடி. மிச்சம் இருந்தது கருணை மனு ஒன்றுதான், அதற்கும் கெடு உண்டு. நான் மனுவைத் தயார் செய்து, அவன் கையெழுத்துக்காகப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனேன்.

அவன் காகிதத்தைத் தொடவில்லை. அதைப் பார்த்துச் சிரித்தான்.

"எனக்குப் பேர் வாசிச்சாச்சு வக்கீலம்மா. செத்தவனுக்கு எதுக்கு மனு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனே சொன்னான். நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் அன்று, அவன் ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயரை மாதா கோயிலில் கொடுக்குமாம். சாயந்தரம் சிமித்தேரியில், கல்லறைகளுக்கு நடுவே பூசை நடக்கும்போது, பங்குச் சாமியார் அத்தனை பெயரையும் மைக்கில் வாசிப்பாராம். இந்த வருசம் அதில் அவன் பெயரும் வந்துவிட்டது. கொடுத்தது அவன் பொண்டாட்டி. வேறு வழக்கில் அதே ஊரிலிருந்து உள்ளே வந்த ஒருத்தன் இந்தச் சேதியை அவனிடம் சொல்லியிருக்கிறான்.

"அவளே முடிச்சுட்டா. நீங்க எதுக்குக் கெடந்து அலையுதிய?" என்றான். மனுவே வேண்டாம் என்று ஜெயில் அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னான்.

மனைவி கையெழுத்துப் போட்டும் மனு அனுப்பலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் கைதியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த காகிதம் அதன் பின்னாலேயே போனால், மனுவை யார் மதிப்பார்கள்? ஒரு கையெழுத்தில் அவன் உயிர் நின்றது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, பக்கத்தில் இருந்த பெண் கொடுத்த மக்ரூனைக்கூட வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

மறுநாள் கோர்ட்டுக்குப் போகாமல் நேரே அந்தக் கிராமத்துக்குப் போனேன். அவன் பொண்டாட்டி, சிலுவை நிற்கிற குருசடிக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். போன வேகத்தில் கத்தினேன். "ஏளா, உசுரோட இருக்க மனுசனுக்குக் கல்லறையில பேர் கொடுத்திருக்கியே, ஒனக்குக் கூறு இருக்கா?"

அவள் கத்தவில்லை. பின்னுவதையும் நிறுத்தவில்லை.

"கடல்ல போய் வராதவன் பொண்டாட்டின்னா, ஊரே வந்து உக்காந்து, ஒரு நாள் குறிச்சு, அழுது முடிச்சுரும். அதுக்கப்புறம் அவ நாலு எடத்துக்குப் போகலாம் வரலாம். எனக்கு ஆரு வந்து உக்காந்தா? டெல்லியில முடிஞ்சு போச்சுன்னு டிவியில சொன்னாவ. முடிஞ்சு போச்சுன்னா முடிஞ்சு போச்சுதானே? கடல்ல போனவன் மாதிரின்னு நெனச்சுக் கொடுத்துட்டேன்."

நான் சாயர்புரம் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் குடும்பம். செத்தவர்கள் பெயரை வாசித்து ஜெபிக்கிற வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. எனக்கு அது ஒரு சடங்கு, அவ்வளவுதான். அவளுக்கு அது அப்படி இல்லை. கடலில் போனவனுக்கு உடம்பு கிடைக்காது. பெயரை வாசிப்பதுதான் அடக்கம். அவள் தன் புருசனை அடக்கம் செய்துவிட்டாள். அவனும் அந்த ஊரில் பிறந்தவன்தானே, அடங்கிவிட்டான். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் போடி பைத்தியம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பான்.

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் இறங்கியதும் எனக்குப் புத்தி கொஞ்சம் வேலை செய்யும். "ஏளா, பேர் வாசிச்ச பெறகு திரும்பி வந்தவன் ஒங்க ஊர்ல ஒருத்தன்கூடக் கெடையாதா?" என்று கேட்டேன்.

இருந்தான். ஒரு புயலில் அடித்துக்கொண்டு போய், மாலத்தீவுப் பக்கம் ஒதுங்கி, காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து நின்ற ஒருத்தன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் அவன் பெயரை உயிரோடு இருக்கிறவர்களுக்கான பூசைக் கருத்துகளில், அதாவது வேண்டுதல்களில், வாசித்து, நன்றி சொன்னார்களாம். அதற்குப் பிறகு ஊரில் ஒருத்தரும் பழையதைப் பேசக் கூடாதாம்.

"அப்ப அதையே இவனுக்கும் வாசிக்கச் சொல்லு."

"அவளும் கோயிலுக்கு வருவாளே வக்கீலம்மா" என்றாள். ஊசி அப்போதுதான் நின்றது. அவள் சொன்னது அந்தப் பிள்ளையின் தாயை.

சாமியார் மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான். யார் எவர் என்று தெரியாமல் அந்தப் பெயரை வாசித்துவிட்டு, பிறகு தெரிந்து அவரும் நொந்துபோயிருந்தார். "மனைவி கேட்டா நான் வாசிக்கிறேன். ஆனா அந்தம்மாவுக்குத் தெரியாம வாசிக்க மாட்டேன். ஒரு தடவை அவங்க மனசைப் புண்படுத்தினது போதும்" என்றார். நியாயமான பேச்சு. போய்ச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

அந்தத் தாய் கரையில் கருவாடு காயப்போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் வந்த விசயத்தை நின்றபடியே சொல்லி முடித்தேன். குரல் ஏறாமல் பார்த்துக்கொண்டேன், என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

"மன்னிக்கச் சொல்லி வந்தியளா?"

"இல்ல. அதைக் கேக்க எனக்கு உரிமை இல்ல."

"கேட்டாலும் கெடையாது. சாவுற வரைக்கும் கெடையாது." அவர் குனிந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டார். ஒரு வரிசையை முடித்தார். நான் போகலாமா என்று நினைத்தபோது நிமிர்ந்தார்.

"கல்லறையில தெரு வரிசையா வாசிப்பாவ. நாங்க ஒரே தெரு. எம் புருசன் பேர வாசிச்சாவ, எம் மக பேர வாசிச்சாவ, அடுத்த பேரு அவன் பேரு. எம் மகளுக்குப் பக்கத்துல அவன். மெழுகுதிரியக் கையில வச்சுக்கிட்டு நான் கேட்டுக்கிட்டு நிக்கேன்."

அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

"தூக்குல போட்டா வருசா வருசம் வாசிப்பாவ" என்றார். "நான் இருக்க வரைக்கும் கேக்கணும். அவன உசுரோட வைங்க. ஜெயிலுக்குள்ளயே கெழவனாயிக் கெடக்கட்டும். எம் மக இருக்க எடத்துக்கு அவன் வரக் கூடாது. சாமியார்ட்ட போய்ச் சொல்லுங்க, வாசிக்கச் சொல்லி."

இந்த வழக்கை எடுத்த பிறகு, தூக்குத் தண்டனை கூடாது என்று நான் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன், எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். இந்தக் காரணத்தை ஒருத்தரும் சொன்னதில்லை. இரக்கம் அதில் துளிகூட இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்ததால் சட்டென்று திரும்பி, கோயிலைப் பார்த்து நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு நானும் போயிருந்தேன். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பூசை தொடங்கும் முன்னால் சாமியார் கருத்துகளை வாசித்தார். ஒரு பிறந்தநாள், ஒரு புது என்ஜின், பிறகு அவன் பெயர். "சிறையில் உயிரோடு இருக்கிறவருக்காக, அவருடைய மனைவி ஒப்புக்கொடுக்கும் பூசை" என்றார். இரண்டு மூன்று ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். அவன் பொண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

மறுநாள் காலையிலேயே பாளையங்கோட்டை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்தப் பிள்ளையோட அம்மா கோயில்ல இருந்தாவளா?"

"இருந்தாங்க. எந்திரிச்சுப் போகல. ஆனா ஒன்னய மன்னிக்கல, அதையும் தெரிஞ்சுக்கோ. மக இருக்கிற இடத்துக்கு நீ வரக் கூடாதாம். அதுக்குத்தான் ஒன்னய உசுரோட இருக்கச் சொல்லுதாங்க."

அவன் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுப் பெயரையும் எழுதினான். நான் மனுவைத் தூத்துக்குடிக்குக்கூடக் கொண்டுவரவில்லை. அங்கேயே ஜெயில் அதிகாரியிடம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்குப் போனேன். பதில் அதுவரை வரவில்லை. மாலை வெளிச்சம் இருக்கும்போதே கல்லறைகளில் மெழுகுதிரிகள் எரிய ஆரம்பித்துவிட்டன, கடல் காற்றில் அணைந்ததைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தெரு வந்தது. கூட்டாளியின் பெயரை வாசித்தார்கள். பிள்ளையின் பெயரை வாசித்தார்கள். அடுத்தது வேறு வீட்டில் செத்துப்போன ஒரு தாத்தாவின் பெயர்.

பூசை முடிந்து கூட்டம் கலையும்போது, அந்தத் தாய் என்னைத் தேடி வந்தார்.

"மனு என்னாச்சு?"

"இன்னும் பதில் வரல."

"இல்லன்னு சொல்லிட்டாவன்னா?"

"திரும்பக் கோர்ட்டுக்குப் போவேன்."

மகளின் கல்லறையில் ஒரு திரி அணைந்திருந்தது. அவர் குனிந்து, பக்கத்துத் திரியிலிருந்து அதை ஏற்றி, காற்றுக்குக் கையை மறித்துப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன வாட்டின்னாலும் போங்க" என்றார். "எம் மக பேருக்கு அடுத்தாப்புல அவன் பேர நான் இன்னொரு தடவ கேக்க மாட்டேன்."