வழுக்கிக்கொண்டே இருந்த பிரேக்

அகபா துறைமுகத்தில் எங்கள் பட்டறையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்களைத் தட்டச்சு செய்பவர் இன்ஆம். எங்களுக்கு அவர் ‘உம் கைஸ்’, அதாவது கைஸின் அம்மா. பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். கப்பல்காரர்களின் கடிதங்களை இருபது வருடம் படித்துப் படித்தே ஆங்கிலம் கற்றவர்.

அந்த வருடம் மூன்றாம் எண் கிரேனின் பிரேக் வழுக்கத் தொடங்கியது. தூக்கிய பெட்டி அந்தரத்தில் நிற்காமல் ஒரு முழம் இறங்கிவிடும். ஓட்டுநர் அபூ சுஹைல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தார். நாங்கள் ‘உஸ்தாத்’ என்று மரியாதையாக அழைக்கும் மேலாளர் தஹ்சீன், கிரேன் செய்த கம்பெனிக்கு எழுதினார்: ‘தி பிரேக் ஆல்வேஸ் ஸ்லிப்ஸ்.’ பிரேக் எப்போதும் வழுக்கும் என்று. அது இயல்புதான், கையேட்டைப் பாருங்கள் என்று பதில் வந்தது.

இரண்டாம் கடிதத்தில் உம் கைஸ் ‘இஸ் ஆல்வேஸ் ஸ்லிப்பிங்’ என்று மாற்றினார். தஹ்சீன் சிவப்பு மையால் அதை அடித்தார்.

“ஆல்வேஸ் வந்தா சாதாரண நிகழ்காலம்தான். நான் பல்கலைக்கழகத்துல படிச்சவன்மா.”

“உஸ்தாத், உங்க வரி சூரியன் கிழக்கே உதிக்கும்ங்கற மாதிரி இருக்கு. படிக்கிறவன் சரின்னுட்டுப் போயிடுவான். என் வரி, ‘எப்பப் பார்த்தாலும் வழுக்கிக்கிட்டே இருக்கு, எங்களால முடியல’ன்னு சொல்லுது.”

வாசலில் நின்ற அபூ சுஹைல் குறுக்கிட்டார்: “உஸ்தாத், உங்க இலக்கணத்தைத் தூக்கிக்கிட்டு நீங்களே மேல ஏறுங்க. நான் கீழ நின்னு வேடிக்கை பார்க்கறேன்.”

அறையே சிரித்தது. “அப்ப உங்க பேர்லயே அனுப்புங்க. மானம் போனா உங்களோடது” என்றார் தஹ்சீன், உம் கைஸிடம்.

வழுக்கிய பதினேழு நாள்களின் தேதிகளையும் சேர்த்து, உம் கைஸ் கையெழுத்துப் போட்டார். அதை அவர் உறையிலிட்டு ஒட்டியதைப் பக்கத்து மேசையிலிருந்து நான் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் கம்பெனியின் பொறியாளரே வந்து இறங்கினார். பிரேக்கைப் பிரித்தார். உள்தட்டு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. செய்தபோதே நேர்ந்த பிசகு என்று ஒப்புக்கொண்டு புதிது பொருத்தினார்.

“முதல் கடிதம் வெறும் தகவலா இருந்துச்சு. ரெண்டாவதுல யாரோ பொறுமை இழந்து நிக்கறது தெரிஞ்சுது. தேதியெல்லாம் பார்த்ததும் கிளம்பிட்டேன்” என்று தஹ்சீனிடமே சொன்னார்.

தஹ்சீன் எல்லோர் முன்னாலும் உம் கைஸின் மேசைக்கு வந்தார். “நான் அடிச்சதுதான் தப்பு. இனிமே என் கடிதத்தையும் நீங்க பார்த்துட்டு அனுப்புங்க.”

“பார்க்கறேன் உஸ்தாத். சிவப்பு மையைக் குடுத்துட்டுப் போங்க” என்றார் உம் கைஸ்.

அவர் எங்கள் பட்டறைக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.