ஆற்று மணலில் பிரியாணி வண்டி

நான் குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். ரோடு இருக்கிற இடத்தில் மட்டும்.

அன்று ஒரு கல்யாண விருந்துக்கு உத்திரமேரூரிலிருந்து பிரியாணி தேக்சாவை, அண்டா அளவு பாத்திரம், ஏற்றிக்கொண்டு போனேன். சூடு ஆறாமல் இருக்கச் சாக்குகளைப் போர்த்தியிருந்தார் சமையல்கார பாய். என் பக்கத்து சீட்டில் அவர்தான். கிளம்பவே தாமதம். கல்யாண வீடு ஆற்றுக்கு அக்கரையில்; பாலம் வழியாகச் சுற்றிப் போனால் பந்தி நேரத்துக்குச் சோறு போய்ச் சேராது.

மாகறல் பக்கம் வந்ததும், "செய்யாத்துல எறங்கி ஏறு நைனா. தண்ணியே இல்ல. கொயந்த கூட ஓட்டும்" என்றார்.

"எனக்குப் பயக்கம் இல்ல பாய்."

"இன்னாய்யா, பொண்ணு பாக்க வந்தவன் மாரி நெளியற?"

மறுத்துப் பேச எனக்கு வராது. இறங்கினேன். மணலில் ஸ்டியரிங் தானாகவே ஆடியது. நடு ஆற்றில் தடம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மங்கல். மற்றது மாட்டு வண்டிகள் போன புதுத்தடம், ஆழமாக இருந்தது. நாலு பேர் போன வழிதான் நல்ல வழி என்று அதிலேயே விட்டேன்.

அது அக்கரைக்குப் போகும் தடம் இல்லை. மணல் அள்ளுகிறவர்களின் தடம். திடீரென்று எதிரே ஒரு பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். பிரேக்கை மிதித்தேன். முன் சக்கரத்துக்குக் கீழே மணல் சரிவது கேட்டது. பின்னால் தேக்சா கரகரவென்று நகர்ந்தது.

பாய் எட்டிப் பள்ளத்தைப் பார்த்தார்.

மெல்லக் கதவைத் திறந்து இறங்கினார். "பிரேக்க வுடாத. அப்டியே குந்திக்கினு இரு." தேக்சாமேல் இருந்த சாக்குகளை உருவிப் பின் சக்கரங்களுக்கு அடியில் திணித்தார். "இப்ப ரிவர்ஸ் எடு. மெதுவா, மெதுவா."

கிளட்ச் மேல் என் கால் தையல் மிஷின்போல் ஆடியது. வண்டி ஒருமுறை முன்னால் சாய்ந்தது. பிறகு சாக்கைக் கவ்விக்கொண்டு பின்னால் ஏறியது.

மங்கலான தடத்தில்தான் அக்கரை சேர்ந்தோம். பந்தியில் யாரோ, "இன்னா பாய், சோறு ஆறிக்கீது?" என்று கேட்டார்கள்.

"இந்த வெயில்ல சுடச்சுடத் துன்னா வயிறு கெட்டுடும்" என்றார் பாய்.

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாயே தட்டோடு வந்தார்.

"துன்னு நைனா. மண்ணு வியல, பாத்துட்டேன்."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். உடனே சாப்பிட முடியவில்லை.

"போவும்போது பாலத்து மேலயே போலாம்" என்றார், என்னைப் பார்க்காமல்.